மீசையில்லாத மொட்டை

குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். கட்டையான உடம்பு, முழங்கைவரை எண்ணெய் மினுக்கம். யாரைத் தொடுவதற்கு முன்னும், கதவைத் தட்டுவதுபோல் இரண்டு விரலால் தோளைத் தட்டுவார்.

அம்மா இறந்த ஒன்பதாம் நாள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் தென்காசிக்கு ரயிலேறிக் குற்றாலம் போயிருந்தேன். சாரலும் சீசன் கூட்டத்தின் சிரிப்பும் என் மேல் ஒட்டவே இல்லை. எல்லாரும் உட்காருகிறார்களே என்று நானும் அவர் பலகையில் உட்கார்ந்தேன்.

தட்டினார். தோளில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மொட்டை எந்தக் கோயிலுக்கு அண்ணாச்சி?"

"திருச்செந்தூர்."

கை நின்றுவிட்டது. குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கோயில் மொட்டைக்கு மீசைய எடுக்க மாட்டாவளே. வீட்டுல யாரு தவறிட்டாவ?"

"அம்மா."

"பதினாறு கழிஞ்சிட்டா?"

"இல்லை."

சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரர் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எண்ணெய் வைக்கக் கூடாது. அவர் திட்டவில்லை. ஊற்றிய எண்ணெயைத் தன் துண்டாலேயே மெதுவாகத் துடைத்தார்.

"இன்னும் அழல, என்ன?"

கட்டைவிரலால் என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"தோளு கல்லு மாதிரி கெடக்கு. வீட்டுக்குப் போங்க. பதினாறு கழிச்சிட்டு வாங்க, நான் எளக்கி விடுதேன்."

அடுத்தவர் தோளை இரண்டு விரலால் தட்டப் போய்விட்டார்.

பதினாறு கழிந்தது. நான் போகவில்லை. தோள் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.