எண்ணெய் கொஞ்சம் கம்மியா பூசுங்க சாமி

நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தால் ஆள் செத்துப்போவார் என்றுதான் நாற்பத்தொன்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம் வாங்கியவன், புதுநன்மை வாங்கியவன், ஞாயிறு தவறாமல் பூசை பார்ப்பவன். ஆனாலும் நம்பினேன். காரணம் இல்லாமல் இல்லை. நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் தெருவில் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், இரண்டு நாளில் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டுவிடுவார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் எங்கள் ஆட்கள் சாமியாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பழி முழுவதையும் எண்ணெய்மேல் போட்டேன். கோயிலில் எப்போதோ அதன் பெயரை நோயில்பூசுதல் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் தெருவில் மாறவில்லை. அவஸ்தை என்ற சொல் காதில் விழுந்தாலே நான் செருப்பைத் தேடுவேன்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்யவேண்டும், எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள், எந்தத் தேதி என்று கேட்டாள். நான், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடிக்கும்போது சொன்னாள்.

"ஏங்க, அட்மிட் ஆவறதுக்கு முன்னாடி சாமியார வரச் சொல்லுங்க. எண்ணெ பூசிக்கறேன்."

டீ எனக்கு மூக்கு வழியாக வந்தது.

"அதெல்லாம் எதுக்கு புள்ள? சின்னக் கட்டி. எலந்தப்பழம் அளவுதான்."

"எலுமிச்சம்பழம்னு சொன்னாங்க. நீங்க எங்க கேட்டீங்க, பாத்ரூம்ல இருந்தீங்க."

"சாமியாரு ஊர்ல இல்ல. பெங்களூர் போயிருக்காரு."

"காலைலதான பூசை வெச்சாரு. நீங்கதான மணி அடிச்சீங்க."

மாட்டிக்கொண்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னொண்ணுங்க. ரெண்டு பிரசவத்துக்கும் ஓடிப்போயிட்டீங்க. இந்த வாட்டி உள்ள கொண்டுபோற வரைக்கும் கையப் புடிச்சிக்கிட்டு இருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் சொன்னது உண்மை. முதல் பிரசவத்தின்போது தக்காளி லோடு இறக்கவேண்டும் என்று பாப்பாரப்பட்டிக்குப் போய்விட்டேன். அன்று சந்தையே கிடையாது. இரண்டாவதுக்கு, வண்டி டயரில் காற்று இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். டயரில் காற்று இருந்தது. எனக்குத்தான் இல்லை. ஊரில் என்னைச் சிரிப்புக்காரன் என்பார்கள். சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவேன். அது ஓடுவதில் ஒரு வகை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அன்று சாயங்காலம் சாமியார் பங்களாவுக்குப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"தோத்திரம் சாமி. வூட்டுல எண்ணெ பூசணும்னு கேக்கறாங்க."

"நல்லதுங்க. நாளைக்குக் காலைல வர்றேன்."

"அதில்ல சாமி. எண்ணெய் கொஞ்சம் கம்மியா பூசுங்க."

"கம்மியான்னா?"

"லேசா. நெத்தியில மட்டும். கையில வேணாம். முழுசா பூசிட்டா..."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரை மாத்திரை, முழு மாத்திரைன்னு இதுல கிடையாதுங்க!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நான் அழுதுகொண்டிருந்தேன்போல. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது போறதுக்குப் பூசறது இல்லீங்க. பலத்துக்குப் பூசறது. தன்கிட்ட பலம் இல்லன்னு ஒத்துக்கிட்டவங்களுக்கு."

"அப்படின்னா எனக்கே ஒரு டின் வேணும் சாமி."

"உங்களுக்கு நோவு இல்லியே."

"பயம் நோவு இல்லீங்களா?"

அவர் எழுந்துபோய்க் கோயில் சாவியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "அவரையே கேளுங்க" என்றார்.

காலியான கோயிலில் முழந்தாள் போட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. செபக்கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீர் வழியக் கையைத் தூக்குவார்கள். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கண்ணை மூடினால் தக்காளிப் பெட்டிதான் தெரியும். ஆண்டவருடைய வல்லமை என்றால், மும்முனைக் கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டார் உதறிக்கொண்டு கிளம்புமே, அப்படி உடம்பில் இறங்கும் என்று காத்திருந்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என்மேலும் இறங்காதா? அன்றும் இறங்கவில்லை. தலைக்கு மேலே புறா ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டது. அதற்கே நான் பயந்தேன். முழங்கால் வலிக்கும்வரை இருந்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை சாமியார் வந்து அவளுடைய நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் சிலுவை போட்டார். கம்மி எல்லாம் இல்லை, தாராளமாகவே பூசினார். நான் அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து நாலு இட்லி சாப்பிட்டாள்.

"என்னா அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அஞ்சாவது வேணுமா?"

ஆபரேஷன் நாளன்று பச்சை அங்கி போட்டு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். அவள் கையைப் பிடித்தேன். என் வலது கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. மனசுக்குள், வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டோமோ என்று ஒரு நல்ல பொய் தயாராக நின்றது. ஆண்டவரே, பெரிய வல்லமை எல்லாம் வேண்டாம், லிஃப்ட் வரைக்கும் கொடுங்கள் என்று கேட்டேன். லிஃப்ட் வந்தது. அங்கிருந்து வராந்தாத் திருப்பம் வரைக்கும் கேட்டேன். திருப்பத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டர் கண்ணாடிக் கதவு வரைக்கும் கேட்டேன். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"கை இப்படி ஆடுதே, ஸ்ட்ரெச்சரே குலுங்குது. கொஞ்சம் நிறுத்துங்க."

"நிறுத்த முடியல புள்ள."

"சரி, ஆடட்டும். விட்டுடாதீங்க."

தள்ளிக்கொண்டு வந்த நர்சம்மா சிரித்தார். "பேஷண்ட் யாருன்னே தெரியலீங்களே!" வழக்கமாக இப்படி ஒருவர் தொடங்கிவைத்தால் பதிலுக்கு நான் பத்துச் சொல்லுவேன். அன்று ஒன்றும் வரவில்லை.

வல்லமை இறங்கியது, நடுக்கம் நின்றது என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. இறங்கியதாகத் தெரியவில்லை. நடுக்கமும் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவு மூடும்வரை நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். மூடிய பிறகு மூன்று மணி நேரம் அந்தக் கதவுக்கு எதிரே நின்றேன். டீ குடிக்கக்கூடப் போகவில்லை.