தையல் மெஷின் ஏறிய சைக்கிள்

போன வாரம் பக்கத்து வீட்டு இளம் ஜோடி என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தது. பழைய காரை விற்பதா, வேண்டாமா?

"நீங்களே சொல்லுங்க சார்" என்றான் அவன்.

"அவருக்குச் சாதகமா பேசாதீங்க லா!" என்றாள் அவள்.

நான் தீர்ப்புச் சொல்கிற ஆளா? என் கதையைத்தான் சொன்னேன்.

ஜப்பான்காரன் இங்கே வந்து ஆண்ட காலம். ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பள்ளிக்கூட வாத்தியார் நான் — பள்ளிக்கூடத்தைத்தான் மூடிவிட்டார்கள். மனைவி அஞ்சலை ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. அவளுக்கோ சோற்றின் மேல் ஆசை...

வீட்டில் விலைபோகிற பொருள், அவள் தாய்வீட்டுக் கைத்தையல் மெஷின் ஒன்றுதான்.

"யான்னு வயக்காட்டு ஊரு இருக்கே, அந்தப் பக்கம் நெல்லு இருக்கு. மெஷின குடுத்தா ஒரு மூட்டை அரிசி தருவாங்க" என்றேன்.

"மூட்டை தீர்ந்ததும் எதக் குடுப்பீங்க? என்னையா?"

மூன்றாம் நாள் அவளே மறுபடி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நெல்லு இருக்கிற ஊர்ல துணி இருக்கா?"

துணி யாரிடம் இருந்தது? ஊரே கிழிசலைத்தான் கட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப மெஷின விக்க வேணாம். கொண்டுபோய் அவங்க கிழிசலத் தச்சுக் குடுத்து அரிசி வாங்குவோம்."

"எதுல கொண்டுபோறது? சைக்கிள்ல டயரே இல்ல."

"அத நீங்க யோசிங்க. எல்லாத்தையும் நானேவா?"

ரப்பர் தோட்டத்தில் டயர் பஞ்சம்! பழைய ரப்பர் குழாயை ரிம்மில் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். நூலுக்கு அன்னாசி நாரைத் திரித்தோம். நான் சைக்கிளைத் தள்ள, அவள் மெஷினைப் பிடித்தபடி மெல்ல நடந்தாள்.

அந்த நெல் ஊரின் முதல் வீட்டில் ஒரு மலாய் அம்மா ஜன்னல் திரையைக் கழற்றிக் கொடுத்தார். அஞ்சலை அதைச் சட்டையாக்கினாள்.

"பெராஸ்? ஆயாம்?" என்று கேட்டார். கூலியாக அரிசியா, கோழியா?

"பெராஸ்!" என்றேன் நான். "ஆயாம்!" என்றாள் அவள். ஒரே நேரத்தில்!

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கிழிந்த சாரோங் கைலி இரண்டை எடுத்து வந்து, இதையும் தைத்தால் அரிசி, கோழி இரண்டுமே தருகிறேன் என்றார். தைத்தோம்.

அன்று அஞ்சலை ஒரு பருக்கை விடாமல் சோறு சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கண் கலங்கியது.

என்னிடம் விட்டிருந்தால் மெஷின் போயிருக்கும். அவளிடம் மட்டும் விட்டிருந்தால் அது வாசலைத் தாண்டியிருக்காது. பாதி யோசனை ஒருவரிடம், மீதி மற்றவரிடம் — குடும்பம் என்பது அவ்வளவுதானே?

கோழியை அடிப்பதா, வளர்ப்பதா என்று அடுத்த சண்டை... நாங்கள் முடிவெடுப்பதற்குள் அது முட்டை போட்டுவிட்டது!