விளக்குக் கண்ணாடிக்குள் ஓர் ஈப்புலி

பிள்ளை போன நாலாம் நாள் என் வீட்டுக்காரர் தூளியை அவிழ்த்தார். பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் ஒற்றை அறை. நடுவில் தூளி தொங்கினால் குனிந்துதான் போய்வர வேண்டும். அவிழ்த்த பிறகும் நான் அந்த இடத்தில் குனிந்தே நடந்தேன். அவர் பார்த்தார்.

தூளிச் சேலையை உதறியபோது மடிப்பிலிருந்து ஓர் ஈப்புலி என் மணிக்கட்டில் குதித்தது. வலை கட்டாமல், சுவரில் பதுங்கிப் பாய்ந்து ஈ பிடிக்கிற குட்டிச் சிலந்தி. எல்லார் வீட்டிலும் உண்டு, துடைப்பத்தால் தட்டிவிட்டால் தீர்ந்தது. இது ஓடவில்லை. உடம்பைத் திருப்பி, முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களால் என்னை அண்ணாந்து பார்த்தது. நான் தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம். நாலு மாதத்தில் என் மகன் கற்றிருந்த ஒரே வித்தை அதுதான், நான் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்புவது.

"வெளிய வுட்டுடட்டுமா?" என்றார் அவர்.

"தொட்டீங்கன்னா பாருங்க."

பைத்தியம் என்று நீங்கள் நினைக்கலாம். பத்தொன்பது வயதில், அந்த வாரத்தில், நான் பைத்தியமாகத்தான் இருந்தேன்.

அவர் பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிறவர். ஸ்டேஷன் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றுவதும் அவர் வேலைதான். மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது, மேல் விளிம்பில் விரிசல் விட்டதால் ஒதுக்கிப் போட்டிருந்த அரிக்கேன் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். உலகச் சண்டை நடந்த காலம், நல்ல கண்ணாடி கண்ணில் படாது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாய்ப்பேச்சில் கஞ்சன், மற்றபடி நல்ல மனுஷன்.

ஒரு மண் சட்டி மூடியை மல்லாக்க வைத்து, தண்டவாளத்தோரச் செம்மண்ணைச் சலித்து நிரப்பினேன். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அங்கே வளர்ந்திருந்த பாசியைக் கத்தியால் தோசை எடுப்பதுபோல் எடுத்து வந்து மண்ணின்மேல் படுக்கவைத்தேன். ஏறி விளையாட ஒரு கருவேலங்குச்சி நட்டேன். கண்ணாடியை மண்ணில் அழுத்தி நிறுத்தினேன். மேல்வாயை மூட மெல்லிய துணி வேண்டியிருந்தது. தூளிச் சேலையில் ஒரு முனையைக் கிழித்துக் கட்டினேன். அந்தத் துணியை முகர்ந்து பார்க்காமல் கட்ட என்னால் முடியவில்லை.

முதலில் செத்த ஈயைப் போட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெய் விட்டுப் பிசைந்த சோற்றுப் பருக்கையும் வைத்தேன், அதற்கும் அந்த மரியாதைதான். அசைகிற இரைதான் வேண்டும் என்று புரிய இரண்டு நாளாயிற்று. கூட்ஸ் ஷெட்டில் வெல்லம் ஏற்றும் நாட்களில் ஈக்குக் குறைவில்லை. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து வருவேன். விளக்குமாற்று ஈர்க்குச்சி நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நீட்டினால், முன்கால்களால் பற்றிக்கொண்டு குடிக்கும். அதைப் பார்க்கும்போது மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பால் வற்றுவதற்காகப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டிருந்தாள். பூ வாடியது, பால் வற்றவில்லை. ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து மெயில் வண்டி ஊதினால் பிள்ளை வீறிட்டு அழுவான், நான் ஓடிப்போய் எடுப்பேன். அவன் போன பிறகும் மெயில் ஊதியதும் ரவிக்கை நனைந்தது. என் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இனி, எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

அவனுக்குச் சளிக்காய்ச்சல். அன்று காலையிலிருந்து பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். அவர் டியூட்டியில் இருந்தார். எட்டிப் பார்த்த அக்கா, "வெறும் வயித்தோட தூங்க வுடாத புள்ள. கால்ல போட்டு மூக்கப் புடிச்சிக்கிட்டு ஊத்து, தன்னால முழுங்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். தப்பாகச் சொல்லவில்லை, ஊரில் எல்லாரும் அப்படித்தான் புகட்டினோம். கால்களை நீட்டி உட்கார்ந்து, அவனைக் கால்மேல் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடையால் ஊற்றினேன். முதல் பாலாடை இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் புரையேறியது. முதுகைத் தட்டினேன், தலைகீழாகப் பிடித்தேன். உதடு நீலமாகிவிட்டது.

மாந்தம் என்றார்கள். காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான் தலையாட்டினேன். மூன்றாவது பாலாடையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. காய்ச்சல்தான் கொண்டுபோனது, எப்படியும் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஈப்புலி என்னைப் பார்க்கும். எனக்குத்தான் அதன் கண்ணைப் பார்க்கக் கூசும்.

மூன்றாவது வாரம் அது ஈ பிடிப்பதை நிறுத்தியது. குச்சி நுனியில் வெள்ளையாக ஒரு பை பின்னி, உள்ளே போய் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. ஒரு நாள் போனது. இரண்டு நாள். கண்ணாடியைத் தட்டினேன், அசைவில்லை. மெயில் ஊதும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தேன். வீட்டில் மறுபடியும், குடிக்காமல் தூங்கிக் கிடக்கிற ஒன்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் அக்கா வந்து பார்த்தாள். "பட்டினியில கெடக்குது. அந்தப் பைய பிச்சி வுட்டு ஒரு ஈய வாயாண்ட வையி" என்றாள். அவளுக்கு யார்மேலும் கெட்ட எண்ணமே கிடையாது. சொல்லிவிட்டு அன்றும் அடுப்பைப் பார்க்கத்தான் போனாள்.

துணியை அவிழ்த்தேன். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினேன். ஊசி முனை அந்தப் பையில் பட்டது. உள்ளே ஒரு கால், மயிரிழை அளவு, அசைந்தது. ஊசி உரசிக் கண்ணாடி கிணுகிணுவென்றது. பாலாடை பல்லில்லாத ஈறில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அப்போதுதான் அவர் வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"வுடு புள்ள" என்றார். "தூங்குது. தூங்கிட்டுத் தன்னால எந்திரிக்கும்."

ஊசியைத் திரும்பச் செருகிக்கொண்டேன். துணியைக் கட்டினேன். அதன் பிறகு நான் கண்ணாடியைத் தொடவில்லை. சமைத்தேன், தண்ணீர் தூக்கினேன், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? செத்திருந்தால், தூங்க விட்டாலும் சாகும் என்று ஆகிவிடும். நான் தப்பித்துவிடலாம்.

ஒன்பதாம் நாள் காலை, பை ஒரு ஓரத்தில் திறந்திருந்தது. உள்ளே பழைய தோல், எட்டுக் காலும் அப்படியே, வெற்றாகக் கிடந்தது. ஈப்புலி பாசிமேல் உட்கார்ந்திருந்தது. முன்னைவிடப் பெரிதாக, எண்ணெய் தேய்த்த கறுப்பில் பளபளவென்று. நான் கிட்டே போனதும் உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"பாத்தியா, நான் சொன்னனில்ல?" என்றார் அவர். அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பிள்ளையைப் புதைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "நல்லா எந்திரிச்சிருச்சிங்க" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மத்தியானமே தண்ணீர்க் குழாயடியில் கொண்டுபோய் அதை விட்டுவிட்டேன். பிறகு மூன்று பிள்ளைகள் பெற்றேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பால் கொடுக்காதவள், கல்நெஞ்சுக்காரி என்று என்னைச் சொல்வார்கள். அவர் எனக்குப் பரிந்து பேசுவார், "அவளுக்குத் தெரியும்" என்பார். என்ன தெரியும் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. அவருக்கு நான் சொல்லவும் இல்லை.

அவன் அன்றைக்குத் தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.