தண்ணீர் குடிக்காமல் வந்தவர்

கொல்லிமலையில் தேவனூர் நாட்டைச் சேர்ந்த ஒரு மிளகு விவசாயியின் மூளை சுருங்கி வருகிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய்யாக இருக்கலாம் என்று கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும்.

நான் புள்ளியியல் படித்தவன். முதுமையில் மூளை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் வேலை செய்தேன். அதே ஆட்களைச் சில ஆண்டுகள் இடைவெளி விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்து, நினைவாற்றலுக்கான பகுதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிடுவது என் பொறுப்பு. குறைவது மிகச் சிறிய அளவு. ஆகவே இரண்டு முறையும் மற்றதெல்லாம் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். முதல் முறை கொல்லிமலைக்காரர்களை முந்தின நாளே வேனில் அழைத்து வந்து, சோறு போட்டுத் தங்கவைத்தோம். இரண்டாம் முறை வேன் இல்லை. மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் முதல் பஸ் பிடித்து வரச் சொல்லிவிட்டோம்.

அந்த மிளகு விவசாயி வந்து உட்கார்ந்தபோது உதடு வெடித்திருந்தது. தண்ணீர் நீட்டினேன்.

"வேண்டாமுங்க சார். திரும்ப பஸ்ஸுல அந்தக் கொண்டை ஊசி வளைவுல எல்லாம் ஏறணுமில்லீங்களா."

அவர் மனைவி சிரித்தார். "போன மாசம் கண்டக்டர் சட்டை மேலயே வாந்தி எடுத்துப்போட்டாருங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு நேத்து மத்தியானத்துல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை. மரத்துல குரங்காட்டம் ஏறுவாரு, பஸ்ஸக் கண்டா கோழிக்குஞ்சு."

கூட வந்த மலைக்காரர்களும் சிரித்தார்கள். அவர்களும் அப்படித்தான் வந்திருந்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வாயைக் கழுவத் தோன்றுகிறது. உடம்பில் நீர் வற்றினால் ஸ்கேனில் மூளை சற்றுச் சிறுத்துத் தெரியும் என்பது என் தொழிலில் யாருக்கும் தெரிந்த விஷயம்.

கணக்குப் போட்டபோது மலைக்காரர்கள் எல்லோருக்கும் குறைந்திருந்தது. நினைவுப் பகுதி மட்டுமல்ல, மூளை முழுவதும். முதுமை அப்படி ஊரோடு ஒரே அளவில் வராது. தண்ணீர் கொடுத்து மறுபடி எடுக்கலாமே என்று தலைமை மருத்துவரிடம் முனகினேன். "வித்தியாசம் கிடைச்சிருக்கு. அதை ஏன் சார் கெடுக்கறீங்க?" என்றார். வெளிவரவிருந்த ஆய்வுக் கட்டுரையில் என் பெயரும் முன்னால் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதோடும் நிற்காமல் மூளை சுருங்கி வருகிறது என்று குடும்பங்களுக்கு ஆளுக்கொரு அறிக்கை அனுப்பினோம். பலருடைய சராசரியைத் தனி ஒருவர் தலையில் கட்டக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். என்ன பிழைப்பு அது!

ஓய்வு பெற்ற பின் ஒருமுறை மலைக்குப் போனபோது, சோளக்காட்டுச் சந்தையில் அவர் மனைவியைப் பார்த்தேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்காரு. பையன்தான் மரம் ஏற உடறதில்ல, வெல பேச உடறதில்ல. மூளை சுருங்கிப் போச்சில்லீங்களா."

விவசாயியைக் காரில் அழைத்து வந்து என் வீட்டில் தங்கவைத்தேன். வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கவைத்து, அதே மெஷினில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தேன். வயதுக்கு உரிய சிறு குறைவு தவிர, முதல் அளவேதான். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினேன். வயதாகிவிட்டதால் எனக்குக் குழப்பம் வந்திருக்கலாம் என்று தலைமை மருத்துவர் பதில் போட்டார். கட்டுரை இன்றும் அப்படியே இருக்கிறது.

மலையேறிப் போய் அவர் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகு பறிக்கும் சமயம். கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க சார். இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. நாங்க எதைங்க நம்பறது?" என்றான். நியாயமான கேள்வி.

விவசாயியின் மனைவி, மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியைக் காட்டி, "அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, ஏறுங்க" என்றார். விவசாயி எழுந்து போய் முதல் படியில் காலை வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏறட்டுமா கண்ணு?"

"வேண்டாம்ப்பா."

காலைக் கீழே எடுத்து வைத்தார். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அவருக்கு அது பழகிப்போயிருந்தது.