எடை போடும் நாள்

வரிச்சிக்குடி அங்கன்வாடியில் டீச்சராகச் செல்லம்மாவுக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். எடை போடும் நாளில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கித் தராசில் வைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

நாலு வயது இனியாவின் கவுனைக் கழற்றியபோது கை அப்படியே நின்றது. முதுகிலும் தொடையின் பின்பக்கமும் வளைந்த தடங்கள். மடித்துப் பிடித்த ஒயரால் அடித்தவை. சில சிவந்திருந்தன, சில மஞ்சளாக மங்கியிருந்தன. ஒரே நாளில் விழுந்த அடி இல்லை.

"விழுந்துட்டேன் டீச்சர்," என்றாள் இனியா, கேட்பதற்கு முன்பே.

விழுகிற பிள்ளைக்கு முட்டியில் படும், நெற்றியில் படும். தொடைக்குப் பின்னால் படாது. போன மாதமே ஒரு தடத்தைச் செல்லம்மா பார்த்திருந்தாள். அவள் தப்பு செய்ததும் அப்போதுதான்.

இனியாவின் அப்பா அறிவுச்செல்வன் அவளிடம் படித்தவன். அத்தை என்றுதான் கூப்பிடுவான். ரத்த உறவு கிடையாது, தெருப் பழக்கம். அந்த உரிமையில் அவனை வாசலில் நிறுத்தி, "ஏன்டா, பச்சப்புள்ளய இப்படியா அடிப்ப?" என்று கேட்டாள்.

"நீங்க அடிக்காத அடியா அத்தே? குச்சி இல்லாம உங்களப் பாத்ததே இல்லியே," என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். மறுநாளிலிருந்து நாலு நாள் பிள்ளை வரவில்லை. வந்தபோது வாய் திறக்கவில்லை.

"இந்தத் தடவ வூட்டுல சொல்லாதீங்க டீச்சர்," என்றாள் உதவியாளர் ஷஃபீனா. "சொன்னா புள்ளதான் வாங்கும்."

"வெளிய புகார் சொன்னா தெருவுல ஒருத்தரும் மொகங்குடுக்க மாட்டாங்கடி."

"இப்ப மட்டும் மாலயா போடுறாங்க?"

செல்லம்மா குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தாள். எந்த இடத்தில் தடம், என்ன நிறம், பிள்ளை என்ன சொன்னாள் என்று பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொன்னாள். பிள்ளையைக் குடைந்து கேட்க வேண்டாம், வீட்டுக்கும் தெரிவிக்க வேண்டாம், வருகிறோம் என்றார்கள்.

மூன்று மணிக்கு அறிவுச்செல்வனின் வண்டி வந்து ஹார்ன் அடித்தது. "அத்தே, புள்ளய அனுப்புங்க."

"எட போட்டு முடியலடா. போயி டீ குடிச்சுட்டு வா."

"காலேலேந்தா போடுறீங்க? யான எதுவும் வந்துருக்கா?"

அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

இனியா அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். கால் மரத்தது. அவன் திரும்பி வந்து கத்துவான், தெரு கூடும், சாட்சி சொல்ல ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். நினைக்கவே அசதியாக இருந்தது.

ஆட்டோ வந்து நின்றது. அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் இறங்கினார்கள். செல்லம்மா எழப் பார்த்தாள், முடியவில்லை.

"மெதுவா வாங்க," என்றாள். "இப்பத்தான் தூங்குறா."