பூசையில வைச்ச பற்றரி

என்ர மனுசனுக்கு ஐம்பது வயசுக்குப் பிறகு பறக்கிற ஆசை வந்தது. முதுகில கரண்டில ஓடுற மோட்டரும் பற்றரியும், தலைக்கு மேல பரசூட் மாதிரி ஒரு பெரிய துணி. லண்டனுக்கு வெளியில ஒரு வயலில நாலு எட்டு ஓடினால் ஆள் மேல போயிடும். முதல் முதல் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பார்த்து நிண்டன். பிறகு அதுவும் ஏலாமல் கிங்ஸ்பரியில எங்கட வீட்டிலயே இருந்து அழுதன்.

அம்மாளை நம்புற உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். நீங்கள் சிரிக்க மாட்டியள்.

போன நவராத்திரிக்குள்ள ஒருநாள் இறங்கேக்க சறுக்கி விழுந்தார். அவருக்கு ஒண்டுமில்லை, பற்றரிதான் கல்லில அடிபட்டது. "அடிபட்டதைச் சோதிக்காமல் சார்ஜ் போடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" எண்டு கேட்டன். "வெளிக்கோது மட்டும்தானப்பா கீறுப்பட்டது. உமக்கு எல்லாத்துக்கும் பயம்" எண்டார். நாளைக்கு நல்ல வெயில் எண்டு போனில பார்த்திட்டு முழுச் சார்ஜும் போட்டார், விசர் மனுசன்!

 வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் வாய்விட்டு அழுதன். "தாயே, இவரைத் தடுக்க என்னால ஏலாது. நீ தடு." வேற ஒண்டும் கேக்கேல்லை.

திரும்பி வரேக்க பஸ்ஸிலதான் நினைவு வந்தது, அண்டைக்கு ஆயுத பூசை. பூசையில வைச்ச சாமானை அடுத்த நாள் பூசை முடியும்வரைக்கும் எடுக்கக்கூடாதெல்லே! வீட்டுக்கு வந்து, "உங்கட பற்றரியையும் வையுங்கோ" எண்டன்.

"அது என்ன ஆயுதமே? நான் காலமை பறக்கவேணும்" எண்டு பாய்ஞ்சார்.

"ஊரில சைக்கிளுக்கும் பொட்டு வைச்ச ஆக்கள் நாங்கள்" எண்டன். நான் விடேல்லை. கடைசியில, விளக்கெரியிற இடத்தில பற்றரி வைக்கேலாது எண்டு தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்வளவுச் சீமெந்துத் தரையில வைச்சார். நான் ஒரு செவ்வந்திப் பூவை வைச்சுக் கும்பிட்டன்.

காலமை வானம் ஒரு முகிலில்லாமல் நீலமாக் கிடந்தது. இவர் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தார். இண்டைக்கு மறிச்சாச்சு, நாளைக்கு என்ன செய்வன் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன். அப்ப பின்வளவில ஏதோ சீறுற சத்தம். யன்னலால பார்த்தால் பற்றரியிலயிருந்து வெள்ளைப் புகை!

"கிட்டப் போகாதேயும்!" எண்டு கத்தி, என்னை இழுத்துக்கொண்டு முன்வாசலால வெளியில ஓடினார். தீயணைப்புப் படைக்குப் போன் அடிச்சம். அந்த ஆக்கள் வாறதுக்குள்ள அது வெடிச்சு எரிஞ்சு வேலியும் பிடிச்சிட்டுது. தண்ணி அடிச்சு அடிச்சு ஒருமாதிரி அணைச்சினம். வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை.

இவர் றோட்டில நிண்டு வானத்தைப் பார்த்தார். "இந்நேரம் நான் மேல நிண்டிருப்பன். முதுகில அது இருந்திருக்கும்" எண்டு சொன்னவர், சனம் பார்க்கப் பார்க்க என்ர கையைப் பிடிச்சு அழுதார்.

இப்பவும் பறக்கிறார், நான் மறிக்கிறேல்லை. ஆனால் பற்றரி சின்னதா அடிபட்டாலும் வெளியில வைச்சு, வேலை தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்டாமல் சார்ஜ் போடமாட்டார். முந்திக் கோயில் வாசலோட காரிலயே இருக்கிறவர், இப்ப எனக்கு முதல் உள்ள போயிடுவார்.

உங்கட வீட்டிலயும் சொல்லுக் கேக்காத ஆக்கள் இருப்பினம். சண்டை பிடியுங்கோ, பிழையில்லை. பிறகு அம்மாளிட்டையும் சொல்லுங்கோ. அவள் கேப்பாள், நான் கண்டனான்.

இதை எழுதேக்க இவர் குசினியில பாத்திரங்களைப் போட்டு உருட்டுறார். முந்தியெண்டால் ஏசியிருப்பன். இண்டைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுறன்.