கரட்டுக்கு அந்தப் பக்கம் வைத்த வேட்டு

டீ டம்ளர் அளவுதான் இருக்கும் அந்த அதிர்வுமானி. தலை நிற்காத பச்சைப்பிள்ளையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டு மேடம் பாறையில் சாந்து பூசிப் பதித்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாயிரத்து மூன்று, கொடிய வறட்சி. நான் தேனியில் வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிலநடுக்க அலைகள் பாறைக்குள் போகப் போக எவ்வளவு வலுவிழக்கின்றன என்று அளக்க ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் மேடம். நிலநடுக்கத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஆனால் அந்தக் கோடையில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கிணறுகளை வேட்டு வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வேட்டே போதும் என்றார்.

என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கரட்டை, சின்னப் பாறைக் குன்றை, ஒட்டித் தென்னந்தோப்பு. அங்கும் கிணற்று வேலை நடந்ததால் மேடத்தை அழைத்துப் போனேன். மச்சானுக்கு யாரையும் சீண்டாமல் இருக்க முடியாது. “என்ன மாப்ள, பூமிக்கு நாடி பாக்க டாக்டரம்மாவக் கூட்டியாந்திருக்கியா?” என்றார். மேடம் கோபப்படவில்லை. ஒரு கருவியைத் தோப்பு மண்ணிலும் இன்னொன்றைக் கிணற்றுக்குள்ளும் இறங்குகிற கரட்டடிப் பாறையிலும் வைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திரியில் நெருப்பு வைக்குமுன் துண்டை வீசி, “வேட்டு, வேட்டு” என்று கத்துவார்கள். கத்தல் காதில் விழுந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் இருப்பவர்கள் மேலே ஏறிவிட வேண்டும். விழாவிட்டால் வேலையைப் பார்க்கலாம். குரல் எட்டாத இடத்துக்கு அதிர்வும் எட்டாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். கரட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு கிணற்றில் வேட்டு வைத்தார்கள். கரடு மறைத்ததால் அவர்கள் கத்துவது இந்தப் பக்கம் கேட்காது. மச்சானின் ஆட்கள் அதற்காக ஒருநாளும் மேலே ஏறியதில்லை.

முதல் நாள் அந்தப் பக்கத்து வேட்டு வெடித்தபோது, தோப்பு மண்ணில் வைத்த கருவி லேசாகத்தான் அசைந்தது. பாறையில் இருந்ததோ திரையின் மேல்விளிம்புவரை எகிறியது. மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. “இது ஒரு காலத்துல பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல கெடந்த பாறை. சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஒரு பொத்தல் இல்லாம இறுகிப்போச்சு. மண்ணுக்குள்ள அலை போனா மணலும் மணலும் உரசி பலம் போயிடும். இதுக்குள்ள போனா குறையவே மாட்டேங்குது. அவங்க வேட்டு வைக்கும்போது இங்க யாரும் கீழ இருக்கக் கூடாது” என்றார்.

மச்சான் சிரித்தார். “ஏம் மேடம், மலையே குறுக்க நிக்கிது. அதையே நம்பாட்டி எதத்தான் நம்புறது?”

இரண்டொரு நாளில் அது நடந்தது. மச்சானும் ஒரு கூலியாளும் கிணற்றுக்குள் இருந்தார்கள். நடுமத்தியானம், கரட்டுக்கு அப்பால் வேட்டு வெடித்தது. மேலே நின்ற எங்களுக்குச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் கிணற்றில் பாறைக்கு மேலே சுவராகக் கட்டியிருந்த கல்கட்டு அப்படியே பெயர்ந்து உள்ளே சரிந்தது. நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கல்லும் மண்ணும்தான் தெரிந்தன. பேர் சொல்லிக் கத்தினோம். பதிலே இல்லை. “முடிஞ்சு போச்சுப்பா, இனி எறங்குனா எறங்குறவனும் போயிருவான்” என்று ஒரு பெரியவர் சொன்னார். கூட்டம் பின்வாங்கியது.

அப்போது மேடம் அலறினார். பாறைக் கருவியின் கோட்டில் சின்னச் சின்னத் துடிப்புகள். மூன்று, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. யாரோ கீழே பாறையை இரும்பால் அடிக்கிறார்கள். அந்தக் குவியல் எங்கள் கத்தலையெல்லாம் விழுங்கிவிட்டது. பாறை மட்டும் அந்தத் தட்டலை மேலே கொண்டுவந்தது.

“அவுகதான். அவுகதான் தட்டுறாக” என்று, சேதி கேட்டு ஓடிவந்திருந்த அக்கா மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு யாரும் பின்வாங்கவில்லை. கயிறு கட்டி இறங்கிக் கல் கல்லாக மேலே ஏற்றினோம். ஒவ்வொரு துடிப்புக்கும் அக்கா, “இந்தா, தட்டிட்டாக” என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கை சம்மட்டியைப் பிடித்திருந்தது. வெளியே இழுத்து மேலே ஏற்றினோம்.

கூலியாள்.

“மொதக் கல்லுலயே அண்ணே போயிட்டாகக்கா” என்றான் அவன். மச்சானின் உடல் கீழே, அவன் சிக்கியிருந்த இடத்திலேயே கிடந்தது. அக்கா அழவில்லை. கையில் தயாராக வைத்திருந்த துண்டால் அவன் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டு, “நீயாப்பா தட்டுன?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் நான் ஆடிப்போனதுபோல் வாழ்க்கையில் எதிலும் ஆடியதில்லை.

இப்போதெல்லாம் வேட்டுக்கு முன்னால் கரட்டைச் சுற்றி ஒரு ஆள் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார். வருடாவருடம் மச்சான் இறந்த நாளில் அக்கா வீட்டில் அவருக்கு ஃபாத்திஹா ஓதுகிறோம். போன வருடம் வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம், மத்தியானம் வேட்டில் மவுத்தானார் என்று நான் சொன்னேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“மத்தியானம் இல்லடா. அசர் வரைக்கும் அவுக உசுரோட இருந்தாக. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்.”